ஆசிரியர் கையிலிருந்து பறிபோகும் பாடம்

2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலம் யுவால்டி நகரத்தின் ராப் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எதிலும் ஒத்துப்போகாத இரு கட்சிகளும் அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றத்தில் சேர்ந்து வாக்களித்து ஒரு சட்டத்தை நிறைவேற்றின. பள்ளிகளுக்கு உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் பயிற்றுவித்துப் பணியமர்த்த அந்தச் சட்டம் 100 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரல் இறுதியில் அந்த மானியங்களைத் தொடரப்போவதில்லை என்று மத்தியக் கல்வித் துறை அறிவித்தது. அவை முந்தைய நிர்வாகத்தின் முன்னுரிமைகளைப் பிரதிபலிக்கின்றன, இன்றைய நிர்வாகத்தின் நோக்கங்களோடு பொருந்தவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 16 மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. கூட்டாட்சி நீதிமன்றம் அவற்றின் பக்கம் நின்றது. ஆனால் ஒரு பள்ளி ஆலோசகர் தம் வேலை நிலைக்குமா என்று நீதிமன்றத் தேதிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் வேறு வேலை தேடிப் போய்விட்டால், தீர்ப்பு அவர்களைத் திரும்பக் கூட்டிவராது.

இதைத் தனியான ஒரு நிதிவெட்டாகப் பார்த்தால் ஆபத்தின் அளவு புரியாது. அமெரிக்கப் பள்ளிகளில் அரை நூற்றாண்டாகக் கட்டி எழுப்பப்பட்ட ஓர் ஏற்பாடு மூன்று பக்கத்திலிருந்தும் இடிக்கப்படுகிறது. சமூக–உணர்வுக் கற்றல் என்று அதற்குப் பெயர். கோபம் வந்தால் எப்படி நிதானிப்பது, எதிரில் இருப்பவர் மனநிலையை எப்படி அறிவது, சண்டையை அடிதடி இல்லாமல் எப்படித் தீர்ப்பது, ஒரு முடிவை எடுக்கும் முன் அதன் விளைவை எப்படி யோசிப்பது என்பனவற்றைக் கணக்கு, வாசிப்பு போலவே வகுப்பறையில் முறையாகச் சொல்லிக்கொடுப்பது. அந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் ரோஜர் வைஸ்பெர்க் என்ற உளவியலாளர். 2021 செப்டம்பரில் அவர் காலமானார். இன்று எது பறிபோகிறது என்று தெரிய வேண்டுமானால், அவர் எங்கிருந்து தொடங்கினார் என்று பார்க்க வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எமரி கோவன் என்பவரிடம் வைஸ்பெர்க் பயின்றார். 1980இல் முனைவர் பட்டம் பெற்றார். கோவன் 1957இலேயே தொடக்கப்பள்ளிகளுக்குள் போய், சிக்கலில் விழக்கூடிய குழந்தைகளை முன்கூட்டியே அடையாளம் காணும் திட்டத்தைத் தொடங்கியிருந்தவர். அவருடைய குழு 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இத்துறையில் இன்றும் நெஞ்சை உலுக்குவது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம், வகுப்பில் ஒரு நாடகம் போடப்போவதாக வைத்துக்கொள்வோம், எந்தப் பாத்திரத்துக்கு எந்தத் தோழன் பொருந்துவான் என்று கேட்டார்கள். நல்ல பாத்திரங்களும் இருந்தன, பிறர் வெறுக்கும் பாத்திரங்களும் இருந்தன. பதினொன்று முதல் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அந்த மாவட்டத்தின் மனநோய்ச் சிகிச்சைப் பதிவேட்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று தேடினார்கள். மதிப்பெண்களும் வருகைப்பதிவும் ஆசிரியர் மதிப்பீடும் சொல்லாததை அந்த எட்டு வயதுப் பிள்ளைகளின் தேர்வு சொல்லியிருந்தது. எதிர்மறைப் பாத்திரங்களுக்கு அதிகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழந்தைகளின் பெயர்களே பதிவேட்டில் பெரிதும் இருந்தன.

யார் ஒதுக்கப்படுகிறார், யார் தனித்து நிற்கிறார் என்பது அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். பெரியவர்கள் அமைத்த பள்ளிக்குத்தான் அதைக் காணவும் கண்டால் ஏதாவது செய்யவும் வழியில்லை. நோய் முற்றிய பிறகு மருத்துவரிடம் அனுப்புவதற்குப் பதிலாக, எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த வயதிலேயே சேர்ந்து வாழும் திறனைக் கற்றுக்கொடுத்தால் என்ன? வைஸ்பெர்க்கின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான்.

1982இல் அவர் யேல் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். யேல் இருக்கும் நியூ ஹேவன் நகரத்தில் பல்கலைக்கழகச் சுவருக்கு இந்தப் பக்கம் பெரும் செல்வம், அந்தப் பக்கம் கடும் வறுமை. எண்பதுகளில் போதைப்பொருளும் எய்ட்ஸ் அச்சமும் பதின்வயதுக் கர்ப்பங்களும் பள்ளி இடைநிற்றலும் அந்தப் பகுதிகளை அரித்துக்கொண்டிருந்தன. அதே நகரத்தில் ஜேம்ஸ் கோமர் என்ற கறுப்பின மனநல மருத்துவர் 1968 முதல் மிகப் பின்தங்கிய இரண்டு தொடக்கப்பள்ளிகளில் வேலை செய்துவந்தார். பெற்றோர், ஆசிரியர், உளவியலாளர் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பள்ளியை நடத்தச் செய்தார். நகரத்திலேயே கடைசியில் கிடந்த பள்ளிகள் எண்பதுகளின் நடுவில் தேர்வுகளில் முன்வரிசைக்கு வந்தன. குழந்தையின் மனமும் படிப்பும் வேறு வேறு இலாகாக்கள் என்று நினைத்தவர்களுக்கு அது பதிலாக அமைந்தது.

வைஸ்பெர்க் அந்த மண்ணில் இறங்கி வேலை செய்தார். நியூ ஹேவன் பள்ளிகளில் ஆசிரியராக இருந்த டிமதி ஷ்ரைவரோடு சேர்ந்து, நகரத்தின் எல்லாப் பள்ளிகளுக்குமான சமூக வளர்ச்சிப் பாடத்திட்டத்தை எண்பதுகளின் இறுதியில் உருவாக்கினார். அந்தப் பள்ளிகளின் சுவர்களில் போக்குவரத்து விளக்குப் படம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. சிவப்பு: நில், அமைதியாகு, செய்யும் முன் யோசி. மஞ்சள்: பிரச்சினை என்ன, உனக்கு எப்படி இருக்கிறது என்று சொல், நல்ல இலக்கு ஒன்றை வை, பல வழிகளை நினை, ஒவ்வொன்றின் பின்விளைவையும் எண்ணிப்பார். பச்சை: சிறந்த வழியைச் செய்துபார். சாப்பாட்டு வரிசையில் ஒருவன் இன்னொருவனைத் தள்ளியபோது, ஆசிரியர் கத்துவதற்குப் பதிலாக அந்தப் படத்தைக் காட்டிப் பேசவைக்க முடிந்தது. கேட்பதற்கு இது சிறிய விஷயம். ஆனால் துப்பாக்கியும் கத்தியும் எட்டும் தூரத்தில் இருக்கும் தெருவில் வளரும் பிள்ளைக்கு, கோபத்துக்கும் கைநீட்டலுக்கும் இடையில் கிடைக்கும் சில விநாடிகள் உயிர் காப்பவை.

1994இல் ஆய்வாளர்களும் கல்வியாளர்களும் சிலர் கூடி இம்முயற்சிகளுக்குப் பொதுப் பெயரும் அமைப்பும் உண்டாக்கினார்கள். காசல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்பு யேலில் தொடங்கியது. அடுத்த ஆண்டு டேனியல் கோல்மன் எழுதிய ‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’ நூல் உலகெங்கும் விற்று, நியூ ஹேவனின் சுவரொட்டியை நியூ ஹேவனைக் கேள்விப்படாதவர்களிடமும் கொண்டுசேர்த்தது. 1992இலேயே சிகாகோவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த வைஸ்பெர்க்கின் பொறுப்பில் 1996இல் காசல் அங்கு இடம்பெயர்ந்தது. 2003இல் இல்லினாய் மாநிலம் குழந்தைகள் மனநலச் சட்டம் இயற்றியது. மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு மாணவரும் அடைய வேண்டிய சமூக–உணர்வுத் திறன்களை 2004இல் அம்மாநிலம் வரையறுத்தது. அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான்.

புகழ் வந்த இடத்தில் நின்றுவிடாமல் கணக்குப் பார்க்கத் துணிந்தது வைஸ்பெர்க்கின் தனிச்சிறப்பு. 2011இல் ஜோசஃப் டர்லாக் முதலானவர்களோடு அவர் வெளியிட்ட தொகுப்பாய்வு 213 பள்ளித் திட்டங்களையும் 2,70,034 மாணவர்களையும் உள்ளடக்கியது. திட்டத்தில் பங்கேற்றவர்களின் நடத்தை மேம்பட்டது, மனஉளைச்சல் குறைந்தது. படிப்பிலும் அவர்கள் சராசரியாக 11 சதமான இடங்கள் முன்னேறினார்கள். அதாவது நூறு பேர் வரிசையில் 50ஆவது இடத்தில் இருக்கும் மாணவர் 61ஆவது இடத்துக்கு உயர்வது. படிப்பு பற்றிய தரவு 213இல் 35 ஆய்வுகளில் மட்டுமே இருந்தது என்பதையும் அக்கட்டுரையே வெளிப்படையாகச் சொன்னது. 2017இல், திட்டம் முடிந்து பல மாதங்களும் ஆண்டுகளும் கழிந்த பிறகும் பலன் தங்குகிறதா என்று 82 திட்டங்கள், 97,406 மாணவர்களைக் கொண்டு பார்த்தார்கள். தங்கியது. வைஸ்பெர்க் மறைந்த பிறகு, 2023இல் யேல் ஆய்வாளர்கள் 53 நாடுகளின் 424 ஆய்வுகளைத் தொகுத்தார்கள்; 5,75,361 மாணவர்கள். முடிவு அதே திசையில்தான் இருந்தது.

2011ஆம் ஆண்டு ஆய்வின் ஒரு கண்டுபிடிப்பை நாம் குறிப்பாக எடுத்துச் சொல்ல விரும்புகிறோம், ஏனென்றால் இன்று மறக்கப்படுவது அதுதான். வெளியிலிருந்து நிபுணர்கள் வந்து நடத்திய திட்டங்களில் படிப்பு மேம்பட்டதாகத் தெரியவில்லை. பள்ளியின் சொந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் நடத்தியபோதுதான் மேம்பட்டது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. மாதம் ஒருமுறை வந்துபோகிறவர் சொல்லும் பாடம் அவர் போனதும் போய்விடும். தினமும் கூட இருக்கும் ஆசிரியர், கணக்கு வகுப்பில் தோற்றுப்போன பிள்ளையிடமும் விளையாட்டுத் திடலில் சண்டை போட்ட பிள்ளையிடமும் அதே பாடத்தை வாழ்க்கையாக நடத்திக்காட்டுவார். ஆகவே இந்தக் கல்வியின் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது: நன்கு பயிற்சிபெற்ற, பின்னால் துணைக்கு ஒரு உளவியலாளர் நிற்கும் வகுப்பாசிரியர்; அவர் செய்வது பலிக்கிறதா என்று நேர்மையாக அளக்கும் ஆய்வு. இவ்விரண்டின் மீதும்தான் இப்போது வெட்டு விழுகிறது.

அளவீட்டின் மீது விழுந்த வெட்டு முதலில் வந்தது. மத்தியக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவான கல்வி அறிவியல் நிறுவனத்தின் ஒப்பந்தங்கள் 2025 பிப்ரவரியில் கூட்டம் கூட்டமாக ரத்து செய்யப்பட்டன; அவற்றின் மதிப்பு 88 கோடி டாலருக்கு மேல் என்று அரசே பெருமையாக அறிவித்தது. பல ஆண்டுகள் ஓடி, தரவு சேகரித்து, முடிவுக்கு ஓரிரு அடி தூரத்தில் இருந்த ஆய்வுகள் வரையில் அதில் அடங்கும். அடுத்த மாதம் கல்வித் துறையின் ஊழியர் எண்ணிக்கையே ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. எந்தத் திட்டம் பலிக்கிறது, எது பணவிரயம் என்று சொல்லும் கருவியை உடைத்துவிட்டு, பலனில்லாததை நிறுத்துகிறோம் என்று சொல்வது வாதமே இல்லை. இரண்டாவது வெட்டு நாம் தொடக்கத்தில் சொன்ன ஏப்ரல் அறிவிப்பு.

இவற்றுக்கு முன்பே அரசியல் தாக்குதல் தொடங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் புளோரிடா கல்வித் துறை, பரிசீலனைக்கு வந்த 132 கணிதப் பாடநூல்களில் 54ஐ நிராகரித்தது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அவற்றில் சமூக–உணர்வுக் கற்றல் நுழைந்திருக்கிறது என்பது. கணக்கு வராதபோது மனம் தளராமல் மறுபடி முயன்று பார் என்று ஒரு குழந்தையிடம் சொல்வது எந்தக் கட்சியின் கொள்கை? கல்விக் கொள்கை ஆய்வமைப்பான ஃபோர்டம் நிறுவனம் 2021இல் வெளியிட்ட பெற்றோர் கருத்தாய்வில், இந்தத் திறன்களைப் பள்ளி சொல்லித்தர வேண்டும் என்பதில் இரு கட்சிப் பெற்றோரிடையிலும் பரவலான ஆதரவு இருந்தது. அரசியல்வாதிகள் பிரிக்கும் வரை இந்த விஷயத்தில் பெற்றோர் பிரிந்திருக்கவில்லை.

எதிர்ப்பு முழுவதையும் வெறுப்பரசியல் என்று தள்ளிவிட நாம் தயாராக இல்லை. பெற்றோரிடம் சொல்லாமல், குழந்தையின் அந்தரங்க மனநிலையையும் வீட்டு நிலவரத்தையும் துருவும் கேள்வித்தாள்களைக் கணினியில் நிரப்பச் சொன்ன பள்ளிகள் உண்டு. அந்தத் தரவு எங்கே போகிறது, எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று கேட்ட தாய்மார்களுக்குப் பள்ளி நிர்வாகங்கள் ஒழுங்கான பதில் தராதது தவறு. 2020இல் காசல் தன் வரையறையைத் திருத்தி, சமத்துவம், நீதி ஆகியவற்றையும் சேர்த்தது. அந்த நோக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அதை எல்லாத் தரப்புப் பெற்றோரிடமும் பொறுமையாக விளக்கும் வேலையைப் பள்ளிகள் செய்யவில்லை. அந்த இடைவெளியில்தான் பயத்தை விற்பவர்கள் புகுந்தார்கள்.

சரக்கு விற்பவர்களும் புகுந்தார்கள். கொரோனா நிவாரணமாக 2021 மார்ச்சில் பள்ளிகளுக்கு 12,200 கோடி டாலர் வந்தது. மாவட்டங்கள் தங்கள் பங்கில் குறைந்தது ஐந்தில் ஒரு பகுதியைக் கற்றல் இழப்பை ஈடுகட்ட ஒதுக்க வேண்டும், அதில் மாணவர்களின் சமூக, உணர்வுத் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. செலவிட வேண்டிய கெடு இருந்ததால் செயலிகளும் தயார்நிலைப் பாடப்பொதிகளும் அவசர அவசரமாக வாங்கப்பட்டன. அரைநாள் பயிற்சி, ஒரு கடவுச்சொல், வாரம் ஒரு காணொளி என்று பல இடங்களில் முடிந்துபோனது. 2024 செப்டம்பர் 30இல் அந்தப் பணத்துக்கான கெடுவும் முடிந்தது. வைஸ்பெர்க் நாற்பது ஆண்டுகள் வலியுறுத்தியதற்கு நேர் எதிரான இந்த வியாபாரத்தைக் காட்டித்தான், பார்த்தீர்களா, பணம் கொட்டியும் ஒன்றும் மாறவில்லை என்று இன்று வாதிடுகிறார்கள்.

மேலோட்டமாகச் செய்தால் பலன் வராது என்பதற்குப் பிரிட்டனே சாட்சி. அங்கு 85 பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் மனக்குவிப்புப் பயிற்சி நடத்தப்பட்டது. 2022இல் முடிவுகள் வந்தபோது, வழக்கமாக நடந்துவந்த பாடங்களைவிட அது கூடுதல் நன்மை எதையும் தரவில்லை என்று தெரிந்தது. வகுப்பில் கேட்டதைப் பெரும்பாலான பிள்ளைகள் வெளியில் பழகவே இல்லை. இந்தத் தோல்வியை நாம் மறைக்கக் கூடாது. சில வாரப் பாடமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் இதுதான் நடக்கும் என்று அறிவதற்குக்கூட அப்படியொரு பெரிய, நேர்மையான ஆய்வு தேவைப்பட்டது. அமெரிக்கா இப்போது அத்தகைய ஆய்வுகளைத்தான் ரத்து செய்கிறது.

இதெல்லாம் எந்தக் காலத்தில் நடக்கிறது என்று பாருங்கள். 2021 அக்டோபரில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் குழந்தை மனநல மருத்துவர்களின் சங்கமும் குழந்தைகள் மருத்துவமனைகளின் கூட்டமைப்பும் சேர்ந்து, இளையோர் மனநலத்தில் தேசிய அவசரநிலை என்று அறிவித்தன. அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் கணக்கெடுப்பில், 2021இல் உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் 42 விழுக்காட்டினர் விடாத சோகத்திலும் நம்பிக்கையின்மையிலும் இருந்தார்கள். மாணவிகளில் 57 விழுக்காடு. மாணவிகளில் பத்துக்கு மூவர் தற்கொலையைத் தீவிரமாக எண்ணியதாகச் சொன்னார்கள். 2023இல் சற்றே குறைந்து 40, மாணவிகளில் 53 என்று வந்தது. இன்னும் பாதிக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள்! 500 மாணவர்களுக்கு ஒரு பள்ளி உளவியலாளர் வேண்டும் என்பது அத்துறையின் தொழில்முறைச் சங்கம் சொல்லும் அளவு. நாட்டின் சராசரி நிலைமையில் ஒருவர் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான பிள்ளைகளைக் கவனிக்கிறார். யுவால்டிக்குப் பிறகு வந்த பணம் இந்தப் பள்ளத்தை நிரப்பத் தொடங்கியிருந்தது.

சிக்கனத்தின் பெயரால் செய்கிறோம் என்பவர்களுக்குக் கொலம்பியா பல்கலைக்கழகப் பொருளியலாளர்களின் 2015ஆம் ஆண்டுக் கணக்கு பதில் சொல்லும். ஆறு திட்டங்களை ஆராய்ந்து, செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 11 டாலர் பயன் திரும்பியதாக மதிப்பிட்டார்கள். அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 1990களின் தொடக்கத்தில் மழலையர் வகுப்பில் இருந்த ஏறத்தாழ 750 குழந்தைகளை 25 வயது வரை தொடர்ந்தது. பகிர்ந்துகொள்ளவும் உதவவும் தெரிந்த பிள்ளைகள் என்று ஆசிரியர் குறித்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் பட்டம் பெறவும் நிலையான வேலையில் இருக்கவும் அதிக வாய்ப்பிருந்தது. அத்திறன் குறைந்திருந்தவர்களுக்குக் காவல்துறையோடும் போதையோடும் சிக்கல் வர அதிக வாய்ப்பிருந்தது. குடும்ப வருமானம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நீங்கவில்லை. இன்று ஓர் ஆலோசகரின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிற அரசு, பத்து பதினைந்து ஆண்டு கழித்துச் சிறைக்கும் மருத்துவமனைக்கும் அதைவிடப் பல மடங்கு கொடுக்கும்.

ஆகவே நம் கருத்தைத் திட்டவட்டமாகச் சொல்கிறோம். உளவியலாளர் மானியங்கள், மாறும் ஆட்சிகளின் கைக்கு எட்டாத வகையில் நாடாளுமன்றச் சட்டத்தால் பாதுகாக்கப்பட வேண்டும். கல்வி ஆய்வு நிறுவனம் மறுபடி உயிர்பெற வேண்டும். மாநிலங்கள் இல்லினாயின் வழியில், எந்த வகுப்பில் எந்தத் திறன் என்று வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்தால் பெற்றோர் படித்துப் பார்க்கலாம், சந்தேகம் குறையும். மாணவரிடம் அந்தரங்கக் கேள்வி எதையும் கேட்கும் முன் பெற்றோரின் ஒப்புதல் பெறப்பட வேண்டும். செயலிக்குப் போகும் பணம் ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. நியூ ஜெர்சி, டெக்சாஸ், கலிபோர்னியா, இல்லினாய் என்று பல மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். கணிதப் போட்டிக்கும் கல்லூரி நுழைவுக்கும் எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டவும் தயங்காத நாம், பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போவதில்லை. எந்தப் பாடநூல், எத்தனை ஆலோசகர், எதற்கு எவ்வளவு பணம் என்பதில் பெரும்பகுதி அங்கேதான் முடிவாகிறது. பொதுமக்கள் பேசுவதற்கு அங்கு நேரம் ஒதுக்கப்படும். குடியுரிமை இல்லாதவர் வாரியத் தேர்தலில் பொதுவாக வாக்களிக்க முடியாது. ஆனால் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோர் எழுந்து பேசுவதற்குப் பெரும்பாலும் யாரும் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை. மூன்று கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நம் மாவட்டத்தில் எத்தனை மாணவர்களுக்கு ஓர் உளவியலாளர்? கூட்டாட்சி மானியம் நின்றால் அந்தப் பணியிடத்துக்கு யார் சம்பளம் தருவார்கள்? சமூக–உணர்வுக் கற்றலில் நம் ஆசிரியர்களுக்கு இந்த ஆண்டு எத்தனை நாள் பயிற்சி? பதில் வரும் வரை கேளுங்கள். அடுத்த கூட்டத்தின் தேதி உங்கள் பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் இருக்கும்.